ரூபினிக்குப் பதிலாக

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மீன் வைக்க இடமில்லை. முழுக்க ஐஸ் தட்டுகள். யாராவது திறந்து பார்த்தால் ஜூஸ் கடை போட்டிருக்கிறோமா என்று கேட்பார்கள். எல்லாம் என் தங்கை ரூபினியின் வைத்தியம். கோபமோ துக்கமோ தலைக்கேறும்போது கையைக் கீறிக்கொள்வதற்குப் பதில் ஒரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி மேடம் சொல்லிக்கொடுத்தது. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் ஐஸ் வேலை செய்தது.

நான் யசோதா. ஜீவனஹள்ளியில் இருக்கிறோம். சிவாஜிநகரில் ஒரு மேட்சிங் சென்டரில் எனக்கு வேலை. புடவையைக் கொண்டுவந்து மேஜையில் விரிப்பார்கள், அதற்குச் சேரும் ஜாக்கெட் துணியும் லைனிங்கும் எடுத்துக்கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் முனிராஜ் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போனபோது ரூபினி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்களோடுதான். தங்கை என்பதைவிட மகள் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அவளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆனது. ஒருவர் டிப்ரெஷன் என்றார், ஒருவர் வயசுக் கோளாறு என்றார், மாமியார் வீட்டில் சிலர் கொழுப்பு என்றார்கள். கடைசியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஆளுமைக் கோளாறு என்றார். எனக்கு சுருக்கென்றது. காய்ச்சல் வந்தால் ஆளுக்குக் காய்ச்சல் என்கிறோம். இது ஆளே கோளாறு என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது? சண்டை பிடிக்கலாமா என்று பார்த்தேன். ரூபினிதான் என் கையை அழுத்தி உட்காரவைத்தாள். "விடுக்கா. இத்தனை நாள் பேரே இல்லாம இருந்துச்சு. இப்பவாவது ஒண்ணு கெடச்சுதே."

அவளோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி நான் செத்துருவேன்கா" என்பாள். சாயங்காலம் நான் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தால் தட்டு பறக்கும். "என்ன எப்படித் தொலைக்கலாம்னுதானே பாக்கற?" என்று கத்துவாள். நான் எடுக்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருப்பாள். எடுத்தால் பேசமாட்டாள். ஒருமுறை மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஐசியூவில் கிடந்தாள். அதற்குப் பிறகு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

இதற்கு மாத்திரை பாதிதான், பேச்சுதான் வைத்தியம் என்றார் டாக்டர். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, முக்கால் மணி நேரம். பேசுகிற மேடம் பெயர் வித்யாலட்சுமி. திருச்சிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே இருவரும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெறும் பேச்சுத்தானே, நானும்தான் பன்னிரண்டு வருஷமாகப் பேசுகிறேன், என் பேச்சில் ஆகாதது இவள் பேச்சில் என்ன ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆயிற்று. ஒரு நாள் சாம்பாரில் உப்பு விஷயமாக நான் ஏதோ சொல்ல, அவள் முகம் மாறியது. தட்டு பறக்கப்போகிறது என்று ஒதுங்கினேன். அவள் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கையில் ஐஸோடு சுவரைப் பார்த்து நின்றாள். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, எனக்கு இப்ப ரொம்ப கோவம். அப்புறம் பேசலாமா?" என்றாள். முனிராஜும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாடிக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

அப்படியே ஆறேழு மாதம் ஓடியது. ஒரு பார்லரில் வேலைக்குச் சேர்ந்தாள், நிலைத்தும் இருந்தாள். அப்புறம் ரித்விக் என்ற பையன் வந்தான், போனான். போகும்போது இவள் நம்பரை பிளாக் செய்துவிட்டுப் போனான். ரூபினி அறைக்குள் படுத்தவள் எழவில்லை. ஒரு வியாழன் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. மேடம் போன் செய்தாலும் எடுக்கவில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று வியாழன் சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசை ஒரு வருஷத்துக்கு மேல் போகிறது. சேரும்போதே மேடம் எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது வியாழன் காலை ரூபினியை எழுப்பிப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், அவள் பர்தாவைப் போல் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "நீ போ அக்கா. என்ன விடு" என்றாள்.

சரி, நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ, நோயாளி வர முடியாவிட்டால் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்போம். பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவோம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரூபினியின் மாத்திரைகளை இத்தனை வருஷமும் வாங்கியது நான்தான். "யார் ரூபினி?" என்றால் "நான்தான்" என்று எழுந்து போவேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அப்படி அவள் இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். கடை முதலாளி சுந்தரமூர்த்தியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

புதிதாக வந்திருந்த அட்டெண்டர் மஞ்சுநாத் கதவருகில் நின்று, பாதி தமிழும் பாதி கன்னடமுமாக உள்ளே போகச் சொல்லிக் கூப்பிட்டார். "ரூபினி யாரம்மா? ஒளகடெ ஹோகி."

எழுந்து உள்ளே போனேன்.

சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் மேடம். இன்னொன்று ஜன்னலோரம், வெளியே ஒரு சம்பிகை மரம், நம் செண்பகம்தான், தெரியும். அதில் உட்கார்ந்தேன்.

மேடம் முகத்தில் குழப்பம். "நீங்க... ரூபினி வரலையா?"

"அவளுக்கு உடம்பு செரியில்ல மேடம். அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன். இந்த வாரம் என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்க, நான் வீட்டுல போயி அப்படியே சொல்லிடறேன்."

மேடம் சிரிக்கவில்லை. "அக்கா, இது மாத்திரை மாதிரி வேற யாரும் வாங்கிட்டுப் போக முடியாது. நீங்க வந்தது அவ வந்ததாவும் ஆகாது. அதோட அவளுக்குத் தெரியாம அவளப் பத்தி நாம பேசறதும் செரியில்ல. நீங்க இங்க எது சொன்னாலும் நான் அவகிட்ட மறைக்க மாட்டேன்."

மருந்துக் கடையில் "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்வதைக் கேட்டுக்கொள்வது போல அதைக் கேட்டுக்கொண்டேன். எழுந்திருக்கப் போனேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்துவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி. யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்பார்கள், உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்பார்கள். கடையில் வந்து நிற்கும் பெண்கள் இந்தப் பச்சை சரியா இருக்குமா என்று கேட்பார்கள். பேச ஆரம்பித்தேன், நிறுத்தத் தெரியவில்லை. குளியலறைக் கதவைப் பற்றிச் சொன்னேன். ஐசியூ பற்றிச் சொன்னேன். பிள்ளை வேண்டாம் என்று நான் ஏன் மனசுக்குள் முடிவெடுத்தேன் என்பதைக்கூடச் சொன்னேன். அதை நான் முனிராஜிடம்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. அழுதுகொண்டே கடைசியில் இன்னொன்றும் சொன்னேன். "அந்த ஐசியூவுலயே அவ போயிருந்தா ரெண்டு பேருக்குமே நிம்மதின்னு செல சமயம் தோணுது மேடம்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

மஞ்சுநாத் கதவைத் தட்டினார். நேரம் முடிந்திருந்தது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்கள முன்னாடியே நிறுத்தியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார். படித்த பெண் இப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க இன்னிக்கு வந்தத நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. அவ வரதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லியாகணும். அவ நேரத்த இன்னும் கொஞ்ச நாள் தள்ளி வைக்க எங்க பெரிய டாக்டர்கிட்ட கேக்கறேன். அடுத்த வியாழன் அவளே வரணும். அதுக்கு மேல இன்னும் ஒரே ஒரு தடவ நின்னாலும் என் கையில இல்ல."

இடத்தைப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் வெளியே வந்தேன். மனசு இலேசாக இருந்தது. சிவாஜிநகரில் இறங்கி ரூபினிக்குப் பிடித்த கீமா வாங்கிக்கொண்டு போனேன்.

சொல்லவில்லை. அன்று சொல்லலாம் என்றால் அவள் கீமாவைப் பார்த்து இரண்டு வாய் சாப்பிட்டாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மறுநாள் தலைக்குக் குளித்தாள். அதற்கு அடுத்த நாள் தானாகவே, "வியாழக்கெழம போறேன்கா. மேம்கிட்ட ரித்விக் மேட்டர் சொல்லணும்" என்றாள். முனிராஜிடம் கேட்டேன். "இப்ப சொன்னா ரகள. ஃபஸ்ட் அவ போகட்டும், ஆமேல பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. வியாழன் வந்துவிட்டது. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அன்று வேறு ஒரு அட்டெண்டர். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி நடந்தாள். பஸ் ஸ்டாப்பில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்குப் பழக்கம், சமாளித்துவிடுவேன்.

"நீ உள்ள உக்காந்தியா?" என்றாள்.

"உன் டைம் போயிடும்னுதான்டி..."

"எந்தச் சேர்ல?"

"என்ன?"

"ஜன்னல் பக்கமா?"

"ஆமா."

தலையாட்டினாள். "அழுதியா?"

"கொஞ்சம்."

"உன்ன மொதல்ல என்ன கேட்டாங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க."

"என்னையும் அதான் கேட்பாங்க." அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள். "உன் படுக்கையில படுத்தேன். உன் பழைய சுடிதார் போட்டேன். உன் வீட்டுல இருக்கேன். அந்த ஒரு சேர்தான்கா என்னோடது. அங்க ஒக்காந்துதான் நான் உன்னப் பத்தி அழுவேன். இப்ப நீயே போயி அதுல ஒக்காந்து என்னப் பத்தி அழுதுட்டு வந்திருக்க. இனிமே நான் என்ன சொன்னாலும் மேமுக்கு உன் மொகமும்தானே ஞாபகம் வரும்?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும். எப்பவும் என் நல்லதுக்குத்தான்." என் பக்கம் திரும்பி, "என்ன சொன்ன அங்க?" என்றாள்.

"உன் உடம்பு விஷயமா..."

"மேம் சொல்லல. அக்கா வந்தாங்க, பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு அவங்ககிட்டயே கேளு, அவங்க சொல்றதுக்கு ஒரு சான்ஸ் குடு, அதுக்கப்புறம் நாம பேசலாம்னு சொன்னாங்க. அதான் கேக்கறேன். என்ன சொன்ன?"

அந்த ஐசியூ வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை யாரால் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும்? "அதான் சொன்னேனே. உடம்பு விஷயம்தான்" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். முந்தானை நுனி என் விரலில் சுற்றியிருந்தது.

"செரி" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது எங்கள் பக்கம் போகிற பஸ் இல்லை.

சந்தாபுராவில் அவளுடைய சிநேகிதி சோனியா இருக்கிறாள். ராத்திரி மெசேஜ் வந்தது. "சோனியா வீட்டுல இருக்கேன். நல்லாதான் இருக்கேன். தேடி வராத." நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். அவள் முன்பு எனக்குச் செய்த அதே வேலையை இப்போது நான் செய்துகொண்டிருந்தேன். சோனியாதான் எடுத்து, "சாப்பிடறா ஆன்ட்டி, தூங்கறா. ஐஸ் கேட்டா, கொடுத்தேன். நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க" என்றாள். என் வீட்டில் மூன்று தட்டு ஐஸ் சும்மா கிடக்கிறது, அவள் யார் வீட்டிலோ ஐஸ் கேட்டு வாங்குகிறாள். அதை நினைத்து நினைத்து அழுதேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "நீங்க அவகிட்ட பேசுங்க மேடம். நான் தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

"அவகிட்ட நான் பேசினேன். வியாழக்கெழம அவ நேரம் இன்னும் இருக்குன்னு சொல்லியிருக்கேன். வரதும் வராததும் அவ கையிலதான். உங்களுக்காக அவகிட்ட நான் தூது போக முடியாதுக்கா. உங்களுக்கு யாராவது வேணும்னா வேற ஒருத்தர் நம்பர் தரேன். நீங்களும் பேசணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவளத்தான் பாக்கணும்" என்று கட் செய்துவிட்டேன். இரண்டு பேரையும் பிடித்து ஒரு அறையில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும் போலிருந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். எதுவும் சரியாகவில்லை.

வியாழக்கிழமை நான் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் வந்தாலும் வரலாம், வந்தால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவள் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் எழுந்தேன்.

அவள் நேரம் வந்தது. மஞ்சுநாத் வெளியே வந்தார். "ரூபினி?"

யாரும் எழவில்லை. அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்து, "ரூபினி, பந்தித்தீரா, வந்துட்டீங்களா? ஹோகம்மா, ஒளகடெ" என்று கையால் கதவைக் காட்டினார். பாவம், நல்ல மனுஷன். அவருக்கு நான்தான் ரூபினி.

எழுந்தால் போதும். அதை மட்டும்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்திருக்கிறேன். எந்தக் கவுண்டரில் அவள் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பேன், ஸ்கூலில், ரேஷன் கடையில், போலீஸ் ஸ்டேஷனில்கூட. கால் தானாக அசைந்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"ரூபினி?" மறுபடி கூப்பிட்டார்.

வித்யா மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. ரூபினி.

"அங்கதானே இருக்க?"

"ஆமா" என்று அடித்தேன்.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. கெளம்பி வா கண்ணு. நான் வெயிட் பண்ணச் சொல்றேன்." சந்தாபுராவிலிருந்து இங்கே வர ட்ராஃபிக்கில் எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

அவள் அதற்குப் பதில் போடவில்லை. "எழுந்திரிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல" என்று அனுப்பினேன்.

படித்துவிட்டாள். டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றுவிட்டது.

மஞ்சுநாத் மூன்றாவது தடவை கூப்பிட்டார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மேடம் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சுநாத் வேறு ஒரு பெயரைச் சொன்னார். மூலையில் இருந்த ஒரு பெண் திடுக்கிட்டு எழுந்தாள். கூட வந்த அம்மாவும் எழுந்து அவள் பின்னாலேயே போனாள். மஞ்சுநாத் அந்த அம்மாவை மட்டும் தடுத்து, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கையில் மகளுடைய தண்ணீர் பாட்டிலும் ஆஸ்பத்திரி புத்தகமும் இருந்தன. "ஃபஸ்ட் டைம் வரோம். எத்தன மாசம் காத்திருந்து, யாராவது வரலன்னா தரோம்னு வரச்சொல்லி, இப்பதான் இடம் கெடச்சுது" என்று தமிழில் சொன்னாள். "நாம உள்ள போகவே கூடாதாங்க?"

"கூடாது" என்றேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஜன்னலோர நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.